விருந்துத் தட்டின் நடுவே சந்தகை

பெரிய தட்டு ஒன்றின் நடுவில் நூடுல்ஸைக் குவித்து, சுற்றிலும் காய்களையும் சாஸ்களையும் அடுக்கி, வந்தவர்களை வேண்டியதை எடுத்துக் கலந்து சாப்பிடச் சொல்வது சமையல் காணொளிகள் பரப்பியிருக்கும் விருந்து முறை. ‘ஆசிய பாணி’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். முறை நல்லதுதான். ஆனால் அதற்காகப் பாக்கெட் நூடுல்ஸையும் பாட்டில் சாஸையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் இப்படியொரு தட்டு வைக்க நினைப்பவர், நடுவில் சந்தகையை வைக்கலாம். ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பத்துப் பேர் கூடி உண்ணும் தட்டுக்கு எல்லா வகையிலும் பொருத்தமானது அதுதான்.

அரிசியை ஊறவைத்து அரைத்து அச்சில் பிழிந்து உண்ணும் பழக்கம் ஆசியாவில் பல நாடுகளுக்குப் பொதுவானது. தாய்லாந்தின் கனோம் சீனும் வியட்நாமின் புன்னும் அரிசி மாவைக் கொதிநீரில் பிழிந்து எடுப்பவை. கொங்கு வீடுகளில் சந்தகைக்கு மாவை முதலில் இட்லியாக அவித்து, சூடு ஆறுவதற்குள் பிழிகிறார்கள். ஆறிவிட்டால் மாவு இறுகி அச்சில் இறங்காது. முக்கியமான வேறுபாடு இதுதான். கனோம் சீனுக்கு மேலே குழம்பை ஊற்றி, பக்கத்தில் பச்சைக் காய்களையும் இலைதழைகளையும் வைத்துக்கொள்கிறார்கள். சந்தகைக்கு நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் நமக்கு அது எந்த வகையில் அந்நியம்? நம் இடியாப்பம் மலேசியாவில் ‘புட்டு மாயம்’ என்ற பெயரில் தெருவோரம் விற்கிறது. ஆக, ‘இதெல்லாம் அசல் ஆசிய நூடுல்ஸ் ஆகுமா’ என்ற கேள்வி நிற்காது.

சுற்றி வைக்க என்ன செய்வது என்று சேலத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி வைத்துத் தரும் ‘செட்’ இந்த ஊரின் மாலை நேரப் பண்டம். மொறுமொறுப்பு, பச்சைக் காய், புளிப்பு, காரம் என்று நூடுல்ஸ் தட்டு கேட்பதெல்லாம் அதில் இருக்கிறது. நூடுல்ஸையும் இத்தகைய சேர்மானங்களையும் இணைத்துப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, சென்னைப் பாரிமுனைப் பக்கம் இன்றும் விற்கிறது. வேகவைத்து ஆறிய நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள் போட்டுக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். அத்தோவின் பக்குவத்தில் சந்தகையைக் கலந்து, தட்டுவடையை நொறுக்கித் தூவினால் தட்டு தயார். காய்களுக்கு உழவர் சந்தை போதும்.

அத்தோவை அடுப்பில் வதக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃப்ரைட் நூடுல்ஸுக்கு உணவக அடுப்பின் பெருந்தீ வேண்டும். வீட்டு கேஸ் அடுப்பில் பத்துப் பேருக்கானதை ஒரே கடாயில் போட்டால் வதங்குவதற்குப் பதில் நீர்விட்டுக் குழையும். இரண்டிரண்டு பேருக்காகப் போட்டால் சமைப்பவர் விருந்து முடியும்வரை அடுப்படியிலேயே நிற்க நேரும். சந்தகையை விருந்தினர் வருவதற்குச் சற்று முன்பு பிழிந்து மூடி வைத்துவிட்டு, செய்தவரும் கூடவே உட்காரலாம். தலைக்கு 100 கிராம் அரிசி கணக்குப் போட்டால் தாராளம். சேலத்து வெயிலில் அவித்த அரிசியையும் சந்தகையோடு வைக்கும் தேங்காய்ப்பாலையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒரே தட்டில் எல்லோரும் கைவைத்தால் எச்சில் ஆகாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக் கரண்டியும் ஒவ்வொருவருக்கும் தனி இலையும் வைத்தால் தீர்ந்துவிடும். பகிர்வது தட்டைத்தான், எச்சிலை அல்ல. விருந்தினரையே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வது மரியாதையா என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். பரிமாறுவதில்தான் நம் உபசாரம் இருக்கிறது. ஆகவே முதல் சுற்றை வீட்டுக்காரர் பரிமாறட்டும். அடுத்த சுற்றிலிருந்து உப்பும் காரமும் அவரவர் விருப்பம். இரத்த அழுத்தக்காரர் உப்பைத் தவிர்ப்பார், குழந்தை தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் கேட்கும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் மசாலாவில் கலந்துவிட்ட உப்பைக் குறைக்க விருந்தினரால் முடியாது. அரிசி வேண்டாம் என்பவர்களுக்கு ராகிச் சந்தகை இருக்கிறது.

பிழிவது பெரும்பாடு என்பதை மறுக்க முடியாது. அச்சைப் பிடிக்க ஒருவர், திருக ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். அந்த வேலை பெண்கள் தலையிலேயே விழுமானால் இந்த யோசனைக்கே அர்த்தமில்லை. திருகுவதற்குத் தோள்பலம் வேண்டும் என்பதால் அதை வீட்டு ஆண்களிடமே விடலாம். முடியாத நாளில் கடையில் விற்கும் உலர்ந்த அரிசிச் சேவையைக் கொதிநீரில் போட்டு எடுத்தாலும் குறைவில்லை. 1983-ல் மேகி இந்தியாவுக்கு வந்தது முதல், நூடுல்ஸ் என்றால் இரண்டு நிமிடத்தில் ஆளுக்கொரு கிண்ணம் என்று பழகிவிட்டோம். பசித்த நேரத்துக்கு அது உதவும். பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் நாளில் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்கு என்ன அவசரம்?