ஆலை உண்டு, ஊர் எங்கே?

ஸ்ரீபெரும்பூதூர் என்ற மாத்திரத்தில், 1017-ல் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதே முன்பு தமிழ் மக்களின் நினைவுக்கு வரும். இன்றோ, அங்கிருந்து ஒரகடம் வரையிலுள்ள பிரதேசம் மோட்டார் வண்டிகளுக்கும் கைபேசிகளுக்கும் உலகறிந்த கேந்திரமாய் விளங்குகிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்திருக்கின்றன. இவ்வளர்ச்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், ஆலைகள் பெருகிய மாத்திரத்தில் ஓர் ஊர் உண்டாகிவிடுமா என்பதைத் தமிழ் நாட்டார் ஆலோசிக்க வேண்டும்.

ஆலைப் பிரதேசத்தில் பொது வாழ்வு எவ்வாறு பிறக்கிறது என்பதற்குச் சென்னைப் பெரம்பூரே சான்று. அங்கே பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர், வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் கூடிச் சமயப் பிரசங்கங்களைக் கேட்டு வந்தனர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய அச்சபையில், பிரசங்கம் கேட்க வந்தவர்கள் நாளடைவில் தங்கள் குறைகளையும் பேசலாயினர். அதன் பயனாகவே, 1918 ஏப்ரல் 27-ந் தேதி, பி. பி. வாடியா தலைமை வகிக்க, திரு. வி. க. முதலியோர் துணைநிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அவ்வாலைகள் மறைந்தன, சங்கம் என்னும் முறையோ தேசமெங்கும் வேரூன்றிவிட்டது. உற்சவமும் பிரசங்கமும் நாடகமும் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதைச் சிந்திப்பாராக. மனிதர் ஒருவரையொருவர் அறியும் இடத்திலேயே உரிமையுணர்ச்சி முளைக்கிறது.

ஒரகடம் பிரதேசத்தின் நிலைமை என்ன? வெளி ஜில்லாக்களிலிருந்தும் வட மாகாணங்களிலிருந்தும் வந்த யுவர்களும் யுவதிகளும் விடுதியிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து ஆலைக்கும் செல்கின்றனர். இரவு வேலை செய்தவருக்குப் பகல் உறக்கத்தில் கழிகிறது. சித்திரைத் திருவாதிரை உற்சவம் பக்கத்திலேயே நடந்தாலும், அதில் அவர்களுக்குப் பங்கில்லை. ஊராருக்கு இவர்கள் அந்நியர். இவர்களுக்கு ஊரார் அந்நியர்.

இதன் அபாயம் 2021 டிசம்பரில் வெளிப்பட்டது. பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 150-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் கதி யாதென நம்பத்தக்க செய்தி கிடைக்காமையால் வதந்தி பரவிற்று. பெண்கள் சென்னை – பெங்களூர் ராஜபாட்டையில் வந்து அமர்ந்தனர். கூடிப் பேச வேறிடம் இல்லாதவர்க்கு நடுவீதியே சபை ஆயிற்று. 2024-ல் சுங்குவார்சத்திரத்தருகே ஸாம்ஸங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும், தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கோரியே.

2024 ஆகஸ்டில் சர்க்கார் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பைத் திறந்தது மெச்சத்தக்க காரியம். ஆனால் கட்டிலும் கூரையும் ஊர் ஆகா. அங்கு தங்குவோர் தாமே தேர்ந்தெடுத்த கமிட்டி நடத்தும் பொது மண்டபமும், தமிழோடு பிற மொழிப் பத்திரிகைகளும் உள்ள வாசகசாலையும், நாடகம், விளையாட்டுக்குரிய வசதியும் ஏற்பட வேண்டும். உற்சவ காலங்களில் முறைவைத்து விடுமுறை அளிப்பது முதலாளிகளின் கடமை. கிராமத்தார் தங்கள் விழாக்களுக்கு இவர்களை அழைப்பது அண்டைவீட்டார் தர்மம்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைநிறுத்தம் நேர்ந்தபின் ஓடிச் சென்று மேடையேறுவது சுலபம். அமைதியான நாட்களில் இரவுப் பாடசாலையும் கலைக் கழகமும் நடத்துவதே அருமையான பணி. ராமானுஜர் திருக்கோஷ்டியூரில் கோபுரமேறி, மறைத்து வைத்த மந்திரத்தை யாவர்க்கும் வழங்கினார் என்பது ஐதிகம். அப்பெரியார் பிறந்த மண்ணில், உழைப்பவர் வாய்திறந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது அதிகமாகுமா?