ஒரு காது கேட்டால் சான்று கிடையாதாம்!



மாற்றுத்திறனாளிச் சான்று முகாம்களின் லட்சணம் வாசகர்கள் அறிந்ததுதான். ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப்போன ஒரு தாய்க்கும் மகனுக்கும் சென்ற வாரம் அங்கே நடந்ததை அவமதிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இடது செவி நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் அது வளரும் இடம் பொல்லாதது. ஒட்டினாற்போல முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அதைக் காப்பாற்றுவதற்காக ஆபரேஷனின்போது கட்டியில் ஒரு துளியை மருத்துவர்கள் விட்டுவைப்பதுண்டு. விட்டது சிலருக்குத் திரும்ப வளரும். இவருக்கு வளர்ந்தது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு இடது காது சுத்தமாகப் போயிற்று. இடக் கண் முழுதாக மூடுவதில்லை. இருட்டினால் நடை தள்ளாடுகிறது. பேசும்போது வலப்பக்கம், நடக்கும்போது இடப்பக்கம் என்று மகன் மாறி மாறி நிற்கிறார். மலைப்பாதை வளைவில் ஜீப் ஹாரன் அடித்தால், அது மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று அம்மாவுக்குப் பிடிபடாது. திசை தெரிய இரண்டு காதும் வேண்டுமே!

முகாமில் ஆடியோகிராம் தாளை மேலோட்டமாகப் பார்த்த அலுவலர், "ஏம்மா, நான் பேசுறது கேக்குதில்ல?" என்றார். கேட்டது. அவர் நின்றது வலப்பக்கம். "அப்புறம் என்ன? நல்ல காது ஒண்ணு இருக்குல்ல!" சுற்றியிருந்தவர்கள் சிரித்ததும் அந்த அம்மாவுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

அரசின் கணக்கு இது: நல்ல காதின் குறையை ஐந்தால் பெருக்கி, கெட்ட காதின் குறையைக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு காது முழுக்கச் செத்துப்போனாலும் மறுகாது நன்றாக இருந்தால் வருவது 17 சதவீதத்துக்கும் குறைவு. சலுகைக்கு வேண்டியது 40. வலப்பக்கமும் ஒரு கட்டி முளைத்தால் தேறிவிடுவார் போலிருக்கிறது!

சட்டப்படிதான் செய்தோம் என்பார்கள். இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பாவது வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம், சரி. சிரிக்கவும் அதில்தான் எழுதியிருக்கிறதா? முதலமைச்சரின் காப்பீடு இருக்கிறதே என்பார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த அட்டை கைகொடுக்கும். கட்டி மறுபடி தலைதூக்குகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்க இறங்கும்போதெல்லாம் ஆகும் பஸ் செலவுக்கும், சாமை அறுப்பை விட்டுவிட்டுக் கூடவே போகும் மகன் இழக்கும் கூலிக்கும் எந்த அட்டையைக் காட்டுவது?

இதே மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி எங்கோ இருக்கும் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு மலைமேல் இருக்கும் மனிதர்கள்தான் தென்படுவதில்லை.

காது மதிப்பீட்டில் தள்ளாட்டத்தையும் சேர்க்கட்டும். அது டெல்லி விவகாரம் என்றால், இத்தகைய நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் சதவீதம் பாராமல் பஸ் சலுகையாவது மாநில அரசு தரட்டும். அடுத்த ஸ்கேன் தை மாதம். அதற்குள் அதிகாரிகள் பதில் சொன்னால் நல்லது; வலப்பக்கம் நின்றே சொல்லலாம்.

- ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்