பொத்தானுக்கும் பெயர் வேண்டும்

(மூன்றாமாண்டு, கணிப்பொறி அறிவியல்)

"வாசலில் வேப்பமரம் நிற்கும் வீடு" என்று அடையாளம் சொல்லி ஒருவரை அனுப்புகிறோம். மரத்தை வெட்டிய மறுநாள் அவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? கதவு எண் எதற்கென்று அன்றுதான் நமக்குப் புரியும். கணிப்பொறித் திரைக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து.

ஒரு மென்பொருளை எழுதினால் மட்டும் போதாது. சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மனிதரே அமர்ந்து எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்ப்பது ஆகிற காரியமா? ஆகவே அவ்வேலையை இன்னொரு நிரலிடம் ஒப்படைக்கிறோம். இதுவே தானியங்கிச் சோதனை. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை நாம்தான் அதற்கு அடையாளம் காட்ட வேண்டும்.

நூலகப் பதிவுக்கென ஒரு பயிற்சி மென்பொருள் எழுதியபோது நான் எளிய வழியைப் பிடித்தேன். "இடமிருந்து 640 புள்ளி, மேலிருந்து 410 புள்ளி, அங்கே அழுத்து" என்று சோதனை நிரலுக்குக் கட்டளையிட்டேன். என் மேசையில் அழகாக ஓடிற்று. ஆய்வகத்தில் வேறு அளவுள்ள திரையில் ஓட்டினேன். சேமிக்கும் பொத்தான் இருந்த இடத்தில் நீக்கும் பொத்தான் வந்து நின்றது. மாதிரிப் பதிவுகள் அத்தனையும் அழிந்தன!

பொத்தானின் படத்தைக் கொடுத்துத் தேடச் சொல்வது மற்றொரு வழி. 2009-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான சிகூலி இவ்வகையைச் சேர்ந்தது. வேறு அடையாளமே தராத திரைகளில் இது கைகொடுக்கும்; மறுக்கவில்லை. ஆயினும் நிறமோ எழுத்தின் அளவோ மாறினால் படம் பொருந்தாமல் போகக்கூடும்.

நிலையான வழி பெயரிடுவதே. விண்டோஸில் யு.ஐ. ஆட்டோமேஷன் என்றோர் அமைப்பு உண்டு. திரையிலுள்ள சாளரம், பெட்டி, பொத்தான் யாவற்றையும் அது ஒரு மரத்தின் கிளைகளைப் போல் வரிசைப்படுத்திக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் 'நேம்' என்ற பெயரும், 'ஆட்டோமேஷன் ஐடி' என்ற அடையாளமும் உண்டு. முன்னது மனிதருக்கு, திரையின் மொழி மாறினால் அதுவும் மாறும். பின்னது நிரலுக்கு, எம்மொழியிலும் மாறாதிருக்க வேண்டும். சோதனை நிரல் பின்னதைப் பற்றிக்கொண்டால், பொத்தான் எங்கே நகர்ந்தாலும் தேடிப் பிடித்துவிடும்.

இதைப் படித்தபின்னும் "பொத்தானுக்குப் பொத்தான் பெயர் எழுத நேரமேது?" என்றே இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவர் விடுதியில் முதுகலை வரலாறு பயிலும் ஓர் அண்ணன். அவருக்குப் பார்வை இல்லை. என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் திரையைப் படித்துச் சொல்ல, அதைக் கேட்டே கணிப்பொறியை இயக்குகிறார். 2006-இல் ஆஸ்திரேலியாவில் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவரே.

என் மென்பொருளை அண்ணனிடம் கொடுத்தேன். டேப் விசையை அழுத்த அழுத்த, "பொத்தான்... பொத்தான்... பொத்தான்..." என்றே குரல் வந்தது. அழகு கருதி எழுத்துக்குப் பதில் வெறும் படங்களை வைத்திருந்தேன், பெயர் கொடுக்கவில்லை. "தம்பி, இதில் சேமிப்பது எது, அழிப்பது எது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

சோதனை நிரலுக்கு வழிகாட்டும் அதே மரத்தில்தான் அவருடைய திரைபடிப்பானும் பெயரைத் தேடுகிறது. நான் பெயரிடாததால் இருவருமே வழி தவறினர். ஆயின் ஒன்று: நிரலுக்கான அடையாளத்தை மட்டும் எழுதிவிட்டால் மனிதருக்குப் பயனில்லை. இரண்டும் வேண்டும்.

அன்றிரவே ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டையும் எழுதினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் சோதனை இரு திரைகளிலும் ஓடிற்று. அண்ணன் யார் துணையுமின்றி ஒரு நூலைப் பதிந்தார்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்முறைத் தேர்வில் விடை சரியா என்று மட்டும் பாராதீர்கள், பெயரில்லாத பொத்தானுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். தோழர்களே, நாளை நாம் எழுதும் மென்பொருளை யார் யாரோ இயக்கப் போகிறார்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டாமல் பள்ளிக்கு அனுப்புவோமா?