ஊசி என்னன்னு கேளுங்க

திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, குருக்கள் வைக்கும் பொங்கலைச் சாப்பிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் செங்கல்பட்டு பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். மாமல்லபுரம் வந்தவர்களும் அப்படியே பஸ் ஏறி வந்து பார்த்தாங்க. அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் கடைசியோடு வருகை நின்றது. கலி முத்திடுச்சுன்னு சொல்லி நாமும் விட்டுட்டோம்.

அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் டைக்ளோஃபினாக் என்று 2004இல் தெரிந்தது. மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடும் ஊசி. அது ஏறிய மாடு செத்து, அதைத் தின்றால் பாறின் சிறுநீரகம் பழுதாகிவிடும். 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பி தொழுவத்துக்கு வந்ததால், 2015இல் அதையும் நிறுத்தினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் கால்நடையில் தடை.

சட்டம் கடை வரைக்கும்தான் வரும். தொழுவம் நம்ம பொறுப்பு. யூரியா போடல, பூச்சிமருந்து அடிக்கலன்னு பெருமையா சொல்றோம். மாட்டுக்கு ஏறும் ஊசி என்னன்னு கேட்கிறோமா?

'இங்கதான் பாறே இல்லையே' என்பீர்கள். நாம் சந்தையில் விற்ற மாடு எந்த ஊரில் சாகும் என்று யாருக்குத் தெரியும்? மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் இருக்கின்றன. பாறு குறைந்த ஊர்களில் செத்த மாட்டைத் தின்று பெருகியது தெருநாய்; கூடவே வெறிநோய்.

அடுத்த முறை டாக்டர் வந்தால், மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபினமிக் அமிலம் போடச் சொல்லிக் கேளுங்கள். பாறுக்கு ஆபத்தில்லாத மருந்துகள் அவை. குப்பியை வாங்கிப் பெயரைப் படிங்க.