பெட்ரோல் தீர்ந்தால் வண்டியையே தூக்கிப் போடுவோமா?

பி.காம் படிக்கிறவனுக்கு ராக்கெட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது தேய்மானம் பற்றிய பதிவுதான் :)

ஒரு சொத்து எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்த்து, அதன் விலையை அத்தனை வருடத்துக்குப் பிரித்துக் கழிப்போம். லாரி என்றால் எஞ்சின் தேயும், டயர் தேயும். ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தகவல் தொடர்பு செயற்கைக்கோளில் பல நேரம் எதுவுமே கெட்டுப் போயிருக்காது. ஆன்டெனா வேலை செய்யும், சோலார் பலகை மின்சாரம் தரும். தன் இடத்தை விட்டு விலகாமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் எரிபொருள் எரிக்க வேண்டும், அவ்வளவுதான். அது தீர்ந்தால் ஆள் காலி. மிச்ச மதிப்பு பூஜ்யம். பழைய இரும்புக் கடைக்காரர்கூட வரமாட்டார்.

எங்கள் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 1 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1972-ல் வந்தது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977 மார்ச்சில் உலகத்துக்குத் தெரியவந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 2022-ல் அதற்குப் பொன்விழாவே எடுத்தார்கள். காரணம் ரொம்ப சிம்பிள். ஆலங்காயம் பக்கமிருந்து வண்டியில் ஏறிப் போய் கண்ணாடிக்குப் புதுப் பூச்சு போடலாம், கருவியை மாற்றலாம். விண்வெளித் தொலைநோக்கிகளில் இந்தக் கொடுப்பினை ஹபிளுக்கு இருந்தது. 1993 முதல் 2009 வரை ஐந்து முறை ஆட்கள் போய்ப் பழுது பார்த்தார்கள்.

ஆள் போகாமல் இதைச் செய்ய முதல் படி, இரண்டு விண்கலங்கள் தாமாகவே இணைவது. இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் அதைத்தான் செய்தது. தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு கலங்கள் 2024 டிசம்பர் 30-ல் கிளம்பி, இரண்டு தேதி தள்ளிப்போய், 2025 ஜனவரி 16-ல் இணைந்தன. நான்காவது நாடு என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். எனக்கு அதைவிடப் பெரிய செய்தி ஏப்ரலில் வந்தது. மறுபடி இணைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். ஒரு ஹீட்டர் ஓடும் அளவுக்குத்தான். ஆனால் கைகொடுப்பது வேறு, கையில் ஏதாவது கொடுப்பது வேறு இல்லையா?

சரி, எரிபொருள்? 1978-லேயே சோவியத்தின் புரோகிரஸ் கலம் சல்யூட்-6 நிலையத்துக்கு நிரப்பியது. 2007-ல் அமெரிக்காவின் ஆர்பிட்டல் எக்ஸ்பிரஸ் ஆளே இல்லாமல் செய்து காட்டியது. இரண்டிலும் நிரப்புவதற்கான வாய் தரையிலேயே வைத்து அனுப்பப்பட்டது. அப்படி வைக்காமல் 1999-ல் அனுப்பிய லேண்ட்சாட்-7க்கு நிரப்பத்தான் நாசா ஓசாம்-1 திட்டத்தைப் போட்டது. உறையை வெட்டி, கம்பியை அறுத்து, மூடியைத் திருகி... செலவும் தாமதமும் ஏறி, 2024 மார்ச்சில் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

2020-ல் இன்டெல்சாட்-901 பின்னால் போய் ஒட்டிக்கொண்ட கலம் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. பெட்ரோல் தீர்ந்த பைக்கை இன்னொரு பைக்காரர் காலால் முட்டுக்கொடுத்துத் தள்ளுவாரே, அதே டெக்னிக். ஐந்து வருடம் ஓட்டியது!

என் கருத்து இதுதான். இனிமேல் நாம் கட்டும் ஒவ்வொரு பெரிய செயற்கைக்கோளிலும், டைப்-சி மாதிரி எல்லோருக்கும் பொதுவான ஒரு நிரப்பு வாயை இஸ்ரோ வைக்க வேண்டும். டேங்கரே இல்லாதபோது வாய் எதற்கு, எடை வீண் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊற்ற வாயே இல்லை என்றால் டேங்கருக்கு யார் முதல் போடுவார்கள்? பெங்களூருவின் ஆர்பிட்எய்ட் நிறுவனம் துணிந்து போட்டது. எரிபொருள் நிரப்பும் சோதனைக்கு அவர்கள் செய்த கலத்தின் பெயர் ஆயுள்சாட். 2026 ஜனவரி 12-ல் பி.எஸ்.எல்.வி சி-62 தோல்வியில் அதுவும் போய்விட்டது. (பெயரில் மட்டும் ஆயுள்!) அவர்கள் மறுபடி முயல வேண்டுமானால் வாடிக்கையாளர் என்று ஒருவர் வேண்டும். இந்தியாவில் இஸ்ரோவை விட்டால் வேறு யார்?

பதினைந்து வருட ஆயுளோடு இந்த வருடம் மேலே போகும் செயற்கைக்கோளுக்கு 2040 வாக்கில் எரிபொருள் தீரும். அன்றைக்கு டேங்கர் தயாராக இருந்தாலும், வாய் வைக்காமல் அனுப்பியதற்கு ஊற்ற முடியாது.