நடுங்கும் பூனையும் நம் கடமையும்

வீட்டில் வளரும் பூனை ஒரு நாள் தள்ளாடி நடப்பதையும், தலை நடுங்குவதையும், வலிப்புற்று வீழ்வதையும் காண்போர் பலர், "இனி இதற்கு மருந்தில்லை" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். சிலர் அதனைத் தெருவிற் கொண்டுபோய் விடுகின்றனர்; சிலர் சாகட்டும் என்று வாளா இருக்கின்றனர். ஆராயாது கூறும் இத்தீர்ப்பினால் பிழைக்கத்தக்க உயிர்கள் வீணே மாய்கின்றன என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

நடுக்கம் நோயன்று, நோயின் குறி. ஒரே குறி வெவ்வேறு காரணங்களாற் பிறக்கும். இதற்கு மூன்று சான்றுகள் காட்டுவோம்.

கருவுற்ற தாய்ப்பூனையைப் பான்லூக்கோபீனியா என்னும் தொற்றுநோய் பற்றுமாயின், அந்நோயின் வைரஸ் குட்டியின் சிறுமூளையை முற்ற வளரவொட்டாது தடுக்கும். உடலின் அசைவைச் சீர்செய்வது சிறுமூளையே ஆதலின், குட்டி நடக்கத் தொடங்கும் நாள்முதலே தள்ளாடும். உணவை நோக்கிக் குனியுங்கால் தலை மிக நடுங்கும். இதனை மாற்றும் மருந்து இல்லை. ஆயினும் இதனால் நோவில்லை; நாளடைவில் இது மிகுவதுமில்லை. வழுக்காத தரையும், கவிழாத உண்கலமும், உயரத்தினின்று விழாத காப்பும் உளவேல் அப்பூனை நெடுநாள் இன்புற்று வாழும்.

இரண்டாவது உணவால் வருவது. சிலவகை மீன்களின் பச்சை ஊனில் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் ஒன்றுண்டு. அவற்றையே நாடோறும் உண்ணும் பூனை முதலில் உணவை வெறுக்கும். பின்னர்த் தலை மார்பை நோக்கிக் கவியும். இறுதியில் வலிப்பு வரும். காலத்தே தயமினை ஊசிவழி ஏற்றினால் ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் தெளிவு காணலாம். காலந்தாழ்ப்பின் மூளை நிலையாகக் கெடும்; உயிரும் போகும். மீனை நன்கு வேகவைத்தால் அத்தீய பொருள் அழிந்துவிடும்.

மூன்றாவது நம் கையாலேயே நேர்வது. நாயின் உண்ணியைப் போக்க முதுகில் இடும் பெர்மெத்ரின் மருந்தைச் சிலர் பூனைக்கும் இட்டுவிடுகின்றனர். நாயின் ஈரல் எளிதில் மாற்றிக் கழிக்கும் அந்நஞ்சைப் பூனையின் ஈரல் அங்ஙனம் கழிக்கமாட்டாது. சில மணி நேரத்தில் உடல் முழுதும் துடிக்கும். மருத்துவர் துடிப்பை அடக்கியபின், வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் அந்நஞ்சைக் கழுவிப் பேணினால் பெரும்பாலான பூனைகள் சில நாளில் தேறும்.

இங்ஙனம் ஒன்றற்கு வேண்டுவது பாதுகாப்பு, ஒன்றற்கு வைட்டமின், ஒன்றற்கு நஞ்சகற்றல். காரணம் அறியாது கொடுக்கும் மருந்து எங்ஙனம் பயன்படும்? நாயின் வலிப்புக்குக் கொடுக்கும் பொட்டாசியம் புரோமைடு பூனையின் நுரையீரலைக் கெடுக்கும் என்பதையும் எண்ணுக.

"தீராதது" என்ற தீர்ப்பும் என்றும் நிலைப்பதன்று. கொரோனா வைரஸால் பூனைகட்கு வரும் எப்.ஐ.பி. என்னும் நோய், சிலபோது மூளையையும் பற்றி, ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவந்தது. 2019ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜிஎஸ்-441524 என்னும் மருந்தை 31 பூனைகட்கு அளித்து, 26 பூனைகள் 12 வார மருத்துவத்தை முடித்ததாக வெளியிட்டனர். மூளையைப் பற்றிய நோய்க்கும் இன்று அம்மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுக்கின்றனர்.

மக்கட்கே மருந்து எட்டாதபோது பூனைக்கு மருத்துவமா என்பாரும் உளர். மீனை வேகவைத்தற்கும், நாய்மருந்தைப் பூனைக்கு இடாமைக்கும் எச்செல்வம் வேண்டும்? வேண்டுவது கவனமே.

எனினும் இரக்கம் அறிவை மறைத்தலாகாது. வெறிநோயும் பூனைக்கு வரும். திடீரெனக் குணம் மாறித் தள்ளாடும் பூனையை வெறுங்கையால் தொடாதீர்கள். அது கடித்தாலோ கீறினாலோ சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பெறுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பூனை நடுங்கக் கண்டால், நடுக்கம் என்று தொடங்கியது, அது யாது உண்டது, அதன்மேல் யாது பூசப்பட்டது என்னும் மூன்றையும் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். தன் நோயைத் தானே சொல்லமாட்டாத உயிர்க்கு நாம் அளிக்கும் முதல் மருந்து அக்குறிப்பே.