100 எம்பிபிஎஸ் இருந்தும் கேம் திணறுதா? புது ரூட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

வீட்டில் 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு. யூடியூபில் 4கே வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் கிளவுட் கேமிங்கைத் திறந்தால் மட்டும் படம் உடைகிறது, பட்டனை அழுத்தினால் ஹீரோ லேட்டாகக் குதிக்கிறார். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்துவிட்ட நிலையில், இது நம்ம வீட்டுப் பிரச்னையும்தான். விலை உயர்ந்த 'கேமிங் ரூட்டர்' வாங்கினால் சரியாகிவிடுமா?

வேகம் இருந்தும் ஏன் திணறுது?

கிளவுட் கேமிங்கில் கேம் உங்கள் போனிலோ டிவியிலோ ஓடுவதில்லை. எங்கோ இருக்கும் சர்வரில் ஓடி, காட்சி மட்டும் வீடியோவாக வருகிறது. யூடியூப் அடுத்த சில விநாடிகளுக்கான வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். கேமில் அது முடியாது. அடுத்து எந்த பட்டனை அழுத்தப் போறீங்க என்று சர்வருக்குத் தெரியாதே!

என்விடியாவின் ஜீபோர்ஸ் நவ் சேவை, 1080பி தரத்தில் விநாடிக்கு 60 பிரேம் காட்ட கேட்பது 25 எம்பிபிஎஸ் மட்டுமே. ஆனால் பிங் எனப்படும் தாமதம் 80 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும், 40-க்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஆக, இங்கே முக்கியம் வேகம் அல்ல, தாமதம்தான்.

வைஃபையில் என்ன சிக்கல்?

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே அலைவரிசையில்தான். அபார்ட்மென்ட்டில் நெரிசல் கேட்கவே வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சிக்னல் பலவீனமாகிவிடும்.

எதை வாங்கலாம்?

* கேபிள்: டிவி, பிசி, கன்சோல் என்றால் முதல் தேர்வு இதுதான். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். செலவும் ரூட்டரைவிட மிகக் குறைவு.

* ரூட்டர்: இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் 2.4 மட்டும்தான் இருக்கிறதா? அப்படியென்றால் 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள டூயல் பேண்ட் வைஃபை 6 ரூட்டர் போதும். அதை விளையாடும் அறையிலேயே, திறந்த இடத்தில் வையுங்கள்.

* மெஷ்: மாடி வீட்டுக்கு ஏற்றது. இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால்தான் முழுப் பலன். விலை குறைவான ரிப்பீட்டர்கள் பல, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகும், தாமதமும் கூடும்.

* கியூஓஎஸ்: வீட்டில் ஒருவர் வீடியோ அப்லோடு செய்தால் கேம் திணறுதா? ரூட்டரில் இந்த வசதி இருந்தால் கேமுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

காசு கொடுக்கும் முன் ஒரு டெஸ்ட்

நீங்க வழக்கமாக விளையாடும் நேரத்தில் வைஃபையில் ஒருமுறை, லேப்டாப்பை கேபிளில் ரூட்டரோடு இணைத்து ஒருமுறை பிங் பாருங்கள். கேபிளில் மட்டும் நன்றாக இருந்தால் கோளாறு வீட்டு வைஃபையில். அப்போது மேலே சொன்னவை கைகொடுக்கும்.

வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோதும் கேபிளில் பிங் எகிறினால், சிக்கல் பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் பாதையிலோ சர்வரின் தூரத்திலோ இருக்கும். எந்த கேமிங் ரூட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, முதலில் கஸ்டமர் கேருக்கு போன் போடுங்கள்.